பழுதும் பொறுப்பும்

பெரிய அறங்களைப் பற்றிச் சிந்திப்பதற்குப் பெரிய நிகழ்ச்சிகள் வேண்டும் என்று பலரும் கருதுகின்றனர். மன்னன் முறை செய்வதும், மறவன் களத்தில் நிற்பதும், துறவி உலகப் பற்றை விடுவதும் அறத்தின் களங்களே. ஆயினும் நம்மில் பெரும்பாலோர்க்கு அத்தகைய களம் வாழ்நாள் முழுவதும் வாய்ப்பதில்லை. நமக்கு வாய்ப்பவை சிறியவை. வாங்கிய கடனை எப்போது திருப்பித் தருவது, அண்டை வீட்டாரிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது, உடைந்துபோன ஒரு பொருளை என்ன செய்வது என்பன போன்ற கேள்விகளே நாள்தோறும் நம் வாயிலில் வந்து நிற்கின்றன. இவற்றில் நாம் முடிவெடுக்கும் முறையே காலப்போக்கில் நம் இயல்பாகவும் உறைந்துவிடுகிறது.

அவ்வகைக் கேள்விகளுள் ஒன்றை ஈண்டு எடுத்துக்கொள்வோம். இலக்கவியல் படக்கருவி ஒன்றின் பின்புறத் திரை உடைந்துவிட்டது. அதை நாமே பிரித்துச் செப்பனிடலாமா? மேலோட்டமாகப் பார்த்தால் இது திருப்புளியையும் உதிரிப்பாகத்தையும் பற்றிய கேள்வியாகத் தோன்றும். சற்று உள்ளே நுழைந்தால், உடைமை என்பது என்ன, அறிவு என்பது என்ன, பிறர்மீது நாம் வைக்கும் நம்பிக்கைக்கு என்ன பொருள் என்னும் கேள்விகள் அதனுள் அடங்கியிருப்பதைக் காணலாம்.

ஒரு வழக்கு

ஜொகூர் மாநிலத்தில் கூலாயில் வாழும் ஒரு நான்காம் படிவ மாணவியை எண்ணிக்கொள்வோம். அவளுடைய அண்ணன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். நாள்தோறும் விடியுமுன் எழுந்து, 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து சென்று, இருட்டிய பின்னரே வீடு திரும்புகிறான். வேலைக்குச் சென்ற முதல் ஆண்டில் அவன் தன் சம்பளத்தில் வாங்கியது ஒரு சிறிய படக்கருவி. பாட்டியின் எண்பதாவது பிறந்தநாளும், தங்கை பரிசு பெற்ற பள்ளி விழாவும் அதில்தான் பதிவாயின. கைப்பேசி வந்தபின் அது அலமாரியில் உறங்கியது. அண்மை ஆண்டுகளில் இத்தகைய பழைய படக்கருவிகள்மீது இளைஞர்க்கு மீண்டும் ஆசை பிறந்துள்ளது. அவளும் அண்ணனிடம் கேட்டு வாங்கிக்கொண்டு தைப்பூசத்திற்குச் சென்றாள். கூட்ட நெரிசலில் கருவி கைநழுவித் தரையில் விழுந்தது. திரையில் சிலந்தி வலைபோல் விரிசல். ஒரு மூலையில் மை படர்ந்தாற்போல் கறை.

இப்போது அவள்முன் மூன்று வழிகள் உள்ளன. இணையத்தின் வழியாகப் புதிய திரையை வரவழைத்துத் தானே பொருத்தலாம். பிரிக்கும் முறையைக் காட்டும் காணொளிகளுக்குக் குறைவில்லை. ஜொகூர் பாருவிலோ சிங்கப்பூரிலோ பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுக்கலாம். போனது போகட்டும் என்று குப்பையில் இட்டுவிடலாம். மூன்றுக்கும் பரிந்து பேசுவோர் உண்டு. தன் கையே தனக்கு உதவி என்பார் ஒருவர். அறியாத வேலையில் கைவைக்காதே என்பார் மற்றொருவர். பழுதுபார்க்கும் செலவில் இன்னொன்றையே வாங்கிவிடலாமே என்று கணக்குப் பார்ப்பார் மூன்றாமவர். மூவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆனால் மூவருமே பழுதைப் பார்க்குமுன் தீர்ப்பைச் சொல்லிவிட்டவர்கள்.

திருக்குறளின் பொருட்பாலில் 47 முதல் 50 வரையுள்ள அதிகாரங்களின் வரிசை இவ்விடத்தில் நமக்கு வழி காட்டுகிறது. தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என அவை அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றை அடுத்து 51ஆம் அதிகாரமாகத் தெரிந்து தெளிதல் வருகிறது. நாடாள்வோரை முன்னிறுத்திச் சொல்லப்பட்ட அதிகாரங்கள் இவை. ஆயினும் செயலை ஆராய்ந்து, ஆற்றலை அளந்து, காலமும் இடமும் கண்டு, பின்னர் யாரை நம்புவது என்று தெளியும் அந்த ஒழுங்கு, கூலாயில் ஒரு மாணவியின் படிப்பு மேசைக்கும் பொருந்துவதே.

பழுதைத் தெரிதல்

நன்றாக இயங்கும் கருவியை நாம் பார்ப்பதே இல்லை. செருமானிய மெய்யியலறிஞர் மார்ட்டின் ஹைடெக்கர், 1927இல் வெளிவந்த தம் பெருநூலில், சுத்தியலை எடுத்துக்காட்டி இதை விளக்கினார். கையில் இசைந்து இயங்கும்வரை கருவி நம் கருத்தில் படுவதில்லை. அது பழுதுபடும்போதே ஒரு பொருளாக நம்முன் எழுந்து நிற்கிறது. இவ்வகையில் பழுது ஓர் இழப்பாக இருக்கும்போதே ஓர் அறிவு வாயிலாகவும் இருக்கிறது. அந்த வாயிலில் நுழைவதா, கதவைச் சாத்திக்கொள்வதா என்பது நம் விருப்பம்.

மாணவி நுழைந்து பார்க்கிறாள் என்று கொள்வோம். அவள் காண்பது என்ன? மேலே ஒரு காப்புத் தகடு. அதன்கீழ் இரண்டு மெல்லிய கண்ணாடிகள். அவற்றின் நடுவே நீர்மப் படிகம். அதன் பின்னே ஒளி தரும் அடுக்கு. அங்கிருந்து கருவியின் உள்ளே செல்லும் நாடா போன்ற மெல்லிய மின்னிணைப்பு. இந்த நீர்மப் படிகத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. 1888இல் ஆஸ்திரியத் தாவரவியலறிஞர் பிரீட்ரிக் ரைனிட்சர், ஒரு வேதிப்பொருளைச் சூடாக்கியபோது அது இருமுறை உருகக் கண்டார். முதலில் கலங்கிய நீர்மமாயிற்று. மேலும் சூடேற்றியபோது தெளிந்த நீர்மமாயிற்று. திண்மத்திற்கும் நீர்மத்திற்கும் இடைப்பட்ட அந்தக் கலங்கல் நிலையே நீர்மப் படிகம். இதன் பயன் என்ன என்று அன்று எவரும் அறிந்திலர். 107 ஆண்டுகள் கழித்து, 1995இல், கேசியோ நிறுவனத்தின் கியூவி-10 என்னும் படக்கருவி, 1.8 அங்குலத் திரையைத் தன் முதுகில் தாங்கிப் பொதுமக்கள் கைக்கு வந்தது. எடுத்த படத்தை எடுத்த இடத்திலேயே காணும் வழக்கம் அதன்பின் பரவியது.

திரை உடைந்தது என்னும் ஒரே தொடருக்குள் பல்வேறு பழுதுகள் மறைந்துள்ளன. படம் தெளிவாகத் தெரிந்து மேலே கீறல் மட்டும் இருப்பின், உடைந்தது காப்புத் தகடு மட்டுமே. ஒளி வந்து, படம் சிதைந்து கறையாகத் தெரியின், நீர்மப் படிக அடுக்கு உடைந்துள்ளது. திரை இருண்டிருக்க, கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தால் படம் மங்கலாகத் தெரியுமாயின், பழுது பின்னொளியில் இருக்கலாம். திரை முழுவதும் வெறுமையாக இருப்பின், மின்னிணைப்பு விலகியிருக்கவும் கூடும். நினைவட்டையைக் கணினியில் இட்டுப் பார்த்துப் புதிய படங்கள் நன்றாக இருக்கக் கண்டால், கருவியின் கண் நலமாக உள்ளது, முகத்தில் மட்டுமே காயம் என்று தெளியலாம்.

இவற்றை அறிவதற்கு ஒரு திருகாணியையும் கழற்ற வேண்டியதில்லை. பத்து நிமிடப் பொறுமை போதும். இந்தப் பத்து நிமிடங்களே அவளுடைய முடிவின் தன்மையை மாற்றிவிடுகின்றன. ஆசிரியர்கள் இதனை நன்கு அறிவர். மாணவன் விடைத்தாளில் பிழையைக் கண்டவுடன் சிவப்பு மையால் அடித்துவிடலாம். அது சந்தி அறியாத பிழையா, கேள்வியைத் தவறாக உணர்ந்த பிழையா, அவசரத்தில் நேர்ந்த பிழையா என்று ஆராயும் ஆசிரியரே அவனைத் திருத்த வல்லவர்.

வலியறிதல்

பழுதை அறிந்தபின் அளக்க வேண்டியது ஆற்றல். வள்ளுவர் இதைத் தன் ஆற்றலோடு நிறுத்தவில்லை. செயலின் கடுமை, எதிர்நிற்பதன் வலிமை, துணை நிற்போர் வலிமை ஆகியவற்றையும் சேர்த்தே அளக்கச் சொன்னார்.

படக்கருவியில் எதிர்நிற்பது எது? பளிச்சொளி தரும் விளக்கிற்காக உள்ளே அமைந்துள்ள மின்தேக்கி அது. இத்தகைய சிறிய கருவிகளின் மின்கலம் பெரும்பாலும் நான்கு வோல்ட்டுக்கும் குறைவான அழுத்தமே உடையது. ஆனால் மின்தேக்கியில் ஏறத்தாழ 300 வோல்ட் அழுத்தம் தேக்கப்படுகிறது. கருவியை அணைத்து, மின்கலத்தை எடுத்த பிறகும் அந்த மின்சாரம் நெடுநேரம் உள்ளே தங்கியிருக்கும். உள்ளங்கை அளவுள்ள பொருளுக்குள் இப்படியோர் அடி ஒளிந்திருப்பதைத் திரை வாங்கியவர் எல்லாரும் அறிந்திருப்பதில்லை. திரை தனியே மடங்கி விரியும் அமைப்புடைய கருவிகளில், பெரும்பாலும் உடலைத் திறவாமல் திரையின் கூட்டை மட்டும் திறக்க இயலும். அங்கே இடர் குறைவு. சிறிய கருவிகளில் பின்புற ஓட்டைக் கழற்றியவுடன் மின்தேக்கி அருகிலேயே இருக்கும். ஒரே வேலைதான்; எனினும் ஒரு கருவியில் துணிவாக இருப்பது மற்றொரு கருவியில் மடமையாகிவிடுகிறது.

அப்படியாயின் சாதாரண மனிதர் கருவிகளைத் தொடவே கூடாதா? அவ்வாறு சொன்னால் நாம் கோவை ஜி. டி. நாயுடுவை மறந்தவர்களாவோம். 1893இல் பிறந்து 1974இல் மறைந்த அப்பெருமகனார் உயர்கல்வி பெற்றவர் அல்லர். இளமையில் ஓர் ஆங்கிலேயரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து அதை விலைக்கு வாங்கினார். ஓட்டி மகிழ்வதோடு நிற்காமல், பிரித்துப் போட்டு, மீண்டும் பூட்டி, அதன் இயக்கத்தைக் கற்றார். பின்னாளில் பேருந்துத் தொழிலிலும் மின்பொறித் தொழிலிலும் அவர் பெற்ற வெற்றிக்கு அந்தக் கல்வியே வித்திட்டது. படக்கருவியின் தூரத்தைச் சரிசெய்யும் துணைக்கருவி ஒன்றும் அவர் கண்டுபிடிப்புகளுள் இடம்பெற்றது.

நாயுடுவின் வாழ்க்கையிலிருந்து சிலர் எடுத்துக்கொள்வது துணிவை மட்டுமே. அவர் பிரித்த வண்டி அவர் உழைப்பில் வாங்கியது. அதை உடனே ஓட்டியாக வேண்டும் என்னும் அவசரம் அவருக்கு இல்லை. பிரித்தது கற்பதற்காகவே. ஆகவே தவறினாலும் இழப்பு அவருக்கே; தேறினால் ஊருக்கே பயன். அறியாமையோடு தொடங்குவது குற்றமில்லை. எல்லாக் கல்வியும் அங்கேதான் தொடங்குகிறது. தன் அறியாமையின் செலவை வேறொருவர் தலையில் ஏற்றுவதே குற்றம்.

யாருடைய பொருள்?

இங்கே நம் வழக்கு கடினமாகிறது. மாணவி கையிலிருக்கும் கருவி அண்ணனுடையது. அவன் அதைத் தங்கைக்குக் கொடுத்தபோது பயன்படுத்தும் உரிமையைக் கொடுத்தான். பிரிக்கும் உரிமையையும் கொடுத்தானா? அண்ணன் அறியுமுன் சரிசெய்து அலமாரியில் வைத்துவிட வேண்டும் என்று அவள் உள்ளம் துடிக்கலாம். அந்தத் துடிப்பில் அன்பும் உண்டு, அச்சமும் உண்டு. ஆனால் மறைப்பதற்காகச் செய்யும் பழுதுபார்ப்பு, எவ்வளவு நேர்த்தியாக முடிந்தாலும், ஒரு பழுதை நீக்கி மற்றொரு பழுதை வைத்துவிட்டுப் போகிறது. திரை ஒளிரும், அண்ணன் தங்கையிடையே ஒரு பொய் நிழலாடும்.

எனவே திருப்புளியை எடுக்குமுன் அவள் செய்ய வேண்டிய வேலைகள் இரண்டு. நினைவட்டையிலும் கருவியின் உள்நினைவிலும் உள்ள படங்களைப் படியெடுத்துப் பாதுகாப்பது ஒன்று. பாட்டியின் முகம் திரையைவிட அருமையானது. அண்ணனிடம் நடந்ததைச் சொல்லி, "நானே முயன்று பார்க்கட்டுமா, அண்ணா?" என்று கேட்பது மற்றொன்று. அவன் சரி என்று சொன்னால் இடரைப் பகிர்ந்துகொண்டவன் ஆகிறான். வேண்டா என்றால் அந்தக் கேள்வி அத்துடன் முடிந்தது.

அவளுக்கே சொந்தமான கருவியாக இருந்தால் என்ன? "என் பொருள், என் விருப்பம்" என்று பலர் இவ்வுரிமையை ஒரே அடியில் நிறுவிவிடுவர். உடைமை ஒரு தடையை நீக்குகிறது. பிறர் நம்மைத் தடுக்க இயலாது என்பதோடு அதன் வேலை முடிகிறது. செயலைத் தகுதியுடையதாக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. பழுது எங்கே என்று பாராமல், இடர் எது என்று அறியாமல் பிரிப்பவன், தன் பொருளையே பிரித்தாலும் பொருளை மதித்தவன் ஆகான். பிரிக்கும் தகுதி, அறிந்துகொள்ளும் பொறுப்பை ஏற்பதிலிருந்தே பிறக்கிறது. இதுவே இக்கட்டுரை வலியுறுத்த விரும்பும் கருத்து.

நம்பிக் கொடுத்தல்

ஆராய்ந்த பின் "இது என்னால் ஆகாது" என்று முடிவு செய்வது தோல்வியன்று. அதுவும் ஓர் அறிவு. அப்போது மற்றொருவர் கைத்திறனை நாடுகிறோம். நாட்கணக்கில் குனிந்து, எறும்புக் கால் போன்ற திருகாணிகளோடு போராடிப் பெற்ற திறன் அது. அதற்குரிய கூலியைப் பேரம் பேசிக் குறைப்பவர், தாமே செய்திருந்தால் எத்தனை நாள் வீணாகியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

பழுதைத் தானே ஆராய்ந்த மாணவி கடைக்குச் சென்றால், "திரை போய்விட்டது" என்று சொல்ல மாட்டாள். "படங்கள் நன்றாகப் பதிகின்றன, ஒளியும் வருகிறது, படிக அடுக்கு மட்டும் உடைந்திருக்கிறது என நினைக்கிறேன்" என்பாள். அவளை ஏமாற்றுவது கடினம்; நேர்மையான தொழிலாளிக்கோ அவளிடம் பேசுவது எளிது. நாம் செய்யாத வேலையைப் பற்றியும் நமக்கு அறிவு வேண்டும் என்பதற்கு இது போதிய காரணம்.

நம் நாட்டுச் சட்டமும் இதில் ஓரளவு துணை நிற்கிறது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, விற்ற பொருளுக்கு நியாயமான காலம்வரை பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப்பாகமும் கிடைக்க உற்பத்தியாளரும் விற்பவரும் நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. அவை கிடைக்குமென்று தாம் உறுதி கூறவில்லை என விற்குமுன்பே அறிவித்துவிட்டால் அப்பொறுப்பு நீங்கும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. மேலும், நியாயமான காலம் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. 2010இல் உலகெங்கும் 12 கோடிக்கு மேற்பட்ட இலக்கவியல் படக்கருவிகள் உற்பத்தியாளர்களிடமிருந்து சந்தைக்குச் சென்றன. 2020இல் அவ்வெண்ணிக்கை ஒரு கோடிக்கும் கீழே இறங்கியது. ஆலைகள் கைவிட்ட வகைகளுக்குப் புதிய திரை எங்கிருந்து வரும்? பழுதுபட்ட வேறொரு கருவியிலிருந்து கழற்றி எடுப்பதே வழியாகிறது. இங்கே காலமறிதல் என்பது சந்தையின் காலத்தையும் அறிதலே ஆகும்.

எறிதல் என்னும் எளிய வழி

மூன்றாம் வழி மிக எளியது. குப்பைத் தொட்டியில் இட்டால் பொருள் நம் கண்ணைவிட்டு மறைகிறது. கண்ணைவிட்டு மறைந்தது உலகைவிட்டு மறையவில்லை என்பதை ஜொகூர் மக்கள் வேறொரு நிகழ்ச்சியால் கசப்புடன் அறிந்தவர்கள். 2019 மார்ச்சு மாதத்தில், பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் யாரோ இரவோடிரவாக வேதிக் கழிவைக் கொட்டினர். நச்சுக் காற்று பள்ளிகளை எட்டியது. மாணவர்கள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. அது மின்னியல் கழிவு அன்று. ஒரு படக்கருவியை எறிவதும் ஓர் ஆற்றில் நச்சைக் கொட்டுவதும் ஒரே அளவுக் குற்றமும் அல்ல. ஆயினும், எனக்கு வேண்டாதது எங்கோ போகட்டும் என்னும் எண்ணம் இரண்டுக்கும் பொதுவானது. அந்த 'எங்கோ' என்பது எப்போதும் யாரோ ஒருவருடைய ஊர்.

நம் நாட்டின் 2005ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் விதிமுறைகள், மின்னியல் கழிவை எஸ்டபிள்யூ 110 என்னும் குறியீட்டின்கீழ் அட்டவணைக் கழிவாக வகுத்துள்ளன. செப்பனிட இயலாத கருவியை அத்தகைய கழிவைச் சேகரிக்கும் இடத்தில் ஒப்படைப்பதும் பொறுப்பின் ஒரு பகுதியே. அதற்கு முன் மற்றொரு வழியையும் எண்ணலாம். திரை இல்லாமலும் படம் எடுக்கலாம். கண் வைத்துப் பார்க்கும் துளை உள்ள கருவியாயின், விரிசலின்மேல் ஒளிபுகும் ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டு, எடுத்த படத்தை வீட்டில் கணினியில் பார்க்கலாம். சுருள் படக்கருவிக் காலத்தில் நம் பெற்றோர் அப்படித்தானே காத்திருந்தார்கள்? குறையோடு வாழப் பழகுவதும் ஒரு முடிவே.

முடிவுரை

ஜொகூர் பாருவில் அருள்மிகு இராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில் உள்ளது. 1922இல் எளிய குடிலாகத் தோன்றிய அக்கோயில், பின்னாளில் புதுப்பிக்கப்பட்டு, ஏறத்தாழ மூன்று இலட்சம் கண்ணாடித் துண்டுகளால் ஒளிர்கிறது. அங்கே ஒவ்வொரு துண்டும் தனக்குரிய இடத்தில், அந்த இடத்தை அறிந்த ஒரு கையால் பதிக்கப்பட்டது. கண்ணாடியைத் துண்டாக்குவது எவர்க்கும் எளிது. துண்டுக்கு உரிய இடம் அறிவதற்கே பொறுமை வேண்டியிருக்கிறது.

உடைந்த திரையை நாமே செப்பனிடலாமா என்ற கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை கூற இயலாது. பழுதைப் பார்த்தறிந்து, இடரை அளந்து, உரியவரிடம் உண்மை சொல்லி, தவறினால் வரும் இழப்பைத் தானே ஏற்கத் துணிந்தவர் செப்பனிடலாம். அவற்றுள் ஒன்று குறைந்தாலும் வல்லவர் ஒருவரிடம் கொடுப்பதே முறை. நம் மாணவி எந்த வழியை மேற்கொண்டாலும், அவள் அண்ணன் வேலையிலிருந்து வந்து, கைகால் கழுவி, உண்டு அமர்ந்தபின் அவனருகே சென்று நடந்ததைச் சொல்வாளாயின், செப்பனிடும் வேலை அங்கேயே தொடங்கிவிட்டது எனலாம். நம் பள்ளிகளில் இவ்வகை முடிவுகளையும் கட்டுரைப் பொருளாக்கி மாணவரை எழுதச் செய்தால், வலியறிதல் முதலான அதிகாரங்கள் தேர்வுத் தாளைக் கடந்து அவர்கள் வாழ்வில் இடம்பெறும்.